ஆபீஸ் இன்ஷூரன்ஸில் மருந்துச் செலவு: 2026-க்கு எந்தப் பிளான் எடுக்கலாம்?

பாலாறு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் ஐ.டி. வேலை. ஆபீஸில் ஓப்பன் என்ரோல்மென்ட் (வருஷத்துக்கொரு தடவை பிளான் தேர்ந்தெடுக்கிற காலம்) முடிய இன்னும் பத்து நாள்தான் இருக்கு. டாக்டர் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு ஓரளவு புரியுது. மருந்துப் பகுதிதான் எத்தனை தடவை படிச்சாலும் பிடிபடலை.

பிளான் ஏ, பி.பி.ஓ. வகை. குடும்பத்துக்கு மாசம் 420 டாலர் சம்பளத்துல பிடிப்பாங்க. மருந்துக்கு டிடக்டிபிள் (பிளான் கொடுக்க ஆரம்பிக்கும் முன்னால நாமே கட்டற தொகை) இல்லை. 30 நாள் மருந்துக்குக் கோபே (ஒவ்வொரு தடவையும் நாம கட்டற நிலையான பங்கு) டயர் 1, அதாவது மலிவான படிக்கு 10 டாலர், டயர் 2-க்கு 45, டயர் 3-க்கு 90. டயர் 4 ஸ்பெஷாலிட்டி மருந்துக்கு 30 சதவீதம். தபாலில் 90 நாளுக்கு வாங்கினா கோபே இரண்டரை மடங்கு.

பிளான் பி, எச்.டி.எச்.பி., டிடக்டிபிள் அதிகமான வகை. மாசம் 190. குடும்ப டிடக்டிபிள் 4,000, அதுக்கு மேல 20 சதவீதம், வருஷத்துக்கு நாம கட்டற உச்சவரம்பு 8,000. எச்.எஸ்.ஏ. கணக்கில் (மருத்துவச் செலவுக்கான வரிச் சலுகைச் சேமிப்பு) கம்பெனி 1,000 போடும்.

எனக்கு டைப் 2 சர்க்கரை: மெட்ஃபார்மின் ஈ.ஆர். 500 தினம் ரெண்டு, ஜார்டியன்ஸ் 25. கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் 20. மனைவிக்குத் தைராய்டு, லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம். பையனுக்கு ஏழு வயசு, ஆஸ்துமா. தினம் ஒரு ஸ்டீராய்டு இன்ஹேலர், இழுப்பு வந்தா ஆல்புடரால்.

பிளான் பி-யில் பிரீமியம் பாதிக்கும் கீழ. ஆனா மருந்து முழு விலைக்கு வாங்கணும்னு பயமுறுத்துறாங்க. எதைப் பார்த்து முடிவு பண்றது?

நெய்தல்:

உங்க குடும்பத்தைப் பொறுத்தவரை இந்த முடிவு ஒரே ஒரு பட்டியலில் தொங்குது. பிளான் பி-க்கு "பிரிவென்டிவ் டிரக் லிஸ்ட்" என்று தனியாக ஒன்று இருக்கும். ஃபார்முலரி (பிளான் ஏற்கும் மருந்துகளின் முழுப் பட்டியல்) வேறு, இது வேறு. என்ரோல்மென்ட் பக்கத்தில் பெரும்பாலும் கண்ணில் படாது. எச்.ஆரிடமோ இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமோ பெயர் சொல்லிக் கேட்டால்தான் பி.டி.எஃப். வரும்.

அது ஏன் முக்கியம் என்றால்: எச்.எஸ்.ஏ. வைத்திருக்கும் பிளானில் டிடக்டிபிள் தீருவதற்கு முன்னால் பிளான் பணம் கொடுக்கக் கூடாது என்பது பொது விதி. தடுப்பு மருத்துவம் அதற்கு முக்கிய விலக்கு. 2019 ஜூலையில் வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். அந்த விலக்கை விரித்து, நாள்பட்ட நோய் உள்ளவர்களின் சில மருந்துகளையும் அதில் சேர்க்கலாம் என்றது. சர்க்கரைக்கு இன்சுலினும் சர்க்கரையைக் குறைக்கும் மற்ற மருந்துகளும், சர்க்கரையோ இதய நோயோ உள்ளவர்களுக்கு ஸ்டாடின், ஆஸ்துமாவுக்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு, மனச்சோர்வுக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. எல்லாம் அதில் உண்டு. எச்.பி.ஏ.1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பரிசோதனையும் சர்க்கரைக்காரர்களின் விழித்திரைப் பரிசோதனையும்கூட உண்டு.

ஆக உங்க மெட்ஃபார்மின், ஜார்டியன்ஸ், அடோர்வாஸ்டாடின், பையனின் தினசரி இன்ஹேலர் நாலுமே அந்த விலக்குக்குள் வரக்கூடியவை. தைராய்டு மாத்திரையும் ஆல்புடராலும் 2019 பட்டியலில் இல்லை. "வரக்கூடியவை" என்று சொல்வதற்குக் காரணம், விதி அனுமதிக்கிறதே தவிரக் கட்டாயப்படுத்தவில்லை. சில கம்பெனிகள் ஜெனரிக்கை (பிராண்டு பெயரில்லாத மலிவு வகையை) மட்டும் சேர்த்து பிராண்டை விட்டுவிடும். ஜார்டியன்ஸ் பிராண்டு. அதனால் அந்த பி.டி.எஃப்.-ல் அந்த ஒரு பெயரைத் தேடுங்க.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிளான் பேசி வைத்திருக்கும் விலையாக ஜார்டியன்ஸ் மாதம் 590, இன்ஹேலர் 220, ஜெனரிக் மூன்றும் சேர்த்து 25 என்று உத்தேசமாக வைத்துக்கொள்கிறேன். உங்க போர்ட்டலில் சரியான விலை கிடைக்கும், அதை இங்கே போட்டுக்கொள்ளுங்க. எப்போதாவது வாங்கும் ஆல்புடராலைச் சேர்க்கவில்லை.

பிளான் ஏ: ஜெனரிக் மூன்றுக்கு மாதம் 30, ஜார்டியன்ஸும் இன்ஹேலரும் டயர் 2 என்று வைத்தால் இரண்டுக்கும் 90. வருடத்துக்கு 1,440. எல்லாவற்றையும் 90 நாள் தபாலில் வாங்கினால் 1,200. பிரீமியம் 5,040. மொத்தம் 6,240.

பிளான் பி, ஜார்டியன்ஸும் இன்ஹேலரும் பட்டியலில் இல்லாவிட்டால்: மாதம் 835, வருடத்துக்கு 10,020. முதல் 4,000 முழுக்க உங்களுடையது. மிச்சம் 6,020-இல் 20 சதவீதம், 1,204. கம்பெனி தரும் 1,000 போக 4,204. பிரீமியம் 2,280. மொத்தம் 6,484.

பிளான் பி, இரண்டும் பட்டியலில் இருந்து 45 டாலர் கோபே என்றால்: 90-உம் 25-உம் சேர்த்து மாதம் 115, வருடத்துக்கு 1,380. கம்பெனியின் 1,000 போக 380. பிரீமியம் 2,280. மொத்தம் 2,660.

6,484-க்கும் 2,660-க்கும் நடுவே இருப்பது பட்டியலில் அந்த இரண்டு மருந்தின் பெயர்கள்தான். பிரீமியத்தை மட்டும் பார்த்துப் பிளான் எடுப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

பட்டியலில் இல்லாவிட்டாலும் பிளான் பி-யை உடனே ஒதுக்கிவிட வேண்டாம். அதே 4,204-ஐ எச்.எஸ்.ஏ. வழியாகக் கட்டினால் ஃபெடரல் வரியும், சம்பளத்திலேயே பிடிக்கச் சொன்னால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிக்கேர் வரி 7.65 சதவீதமும் மிச்சம். ஆனால் நியூஜெர்சியும் கலிஃபோர்னியாவும் எச்.எஸ்.ஏ.-க்கு மாநில வரி விலக்கு தருவதில்லை, அதைக் கணக்கில் சேர்க்காதீங்க. 2026-இல் குடும்பத்துக்கு எச்.எஸ்.ஏ. வரம்பு 8,750. கம்பெனி போடும் 1,000-உம் அதற்குள் அடக்கம்.

கைப்பணம் தனிக் கவலை. பட்டியலில் இல்லாத நிலையில் ஜனவரி முதல் மே வரை உங்க கையை விட்டு 4,000 டாலருக்குக் கொஞ்சம் மேலே போகும். கம்பெனி தன் 1,000-ஐ ஜனவரியிலேயே மொத்தமாகப் போடுமா, ஒவ்வொரு சம்பளத்துக்கும் பிய்த்துப் போடுமா என்று கேளுங்க. பிய்த்துப் போட்டால் பிப்ரவரியில் எச்.எஸ்.ஏ. கார்டில் பணம் இருக்காது.

இன்னும் இரண்டு விஷயம். 4,000 டிடக்டிபிள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே உண்டியலா, ஆளுக்கொரு உள்வரம்பு இருக்கா என்று பாருங்க. ஒரே உண்டியல் என்றால் உங்க ஜார்டியன்ஸ் நிரப்பும் டிடக்டிபிள் பையனுக்கும் உதவும். உள்வரம்பு இருந்தால் 2026-இல் அது 3,400-க்குக் குறையக் கூடாது.

அடுத்தது, மனைவி வேலைக்குப் போய் அவர் ஆபீஸில் பொது எஃப்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்தில் பிடித்து வைக்கும் கணக்கு) எடுத்திருந்தால் நீங்க எச்.எஸ்.ஏ.-யில் பணம் போடத் தகுதி இல்லாமல் போயிடும். அந்த எஃப்.எஸ்.ஏ. பணத்தை உங்க செலவுக்கும் பயன்படுத்த முடியும் என்பதால் அது உங்களுக்கும் காப்பீடாகவே கருதப்படுது. பல், கண்ணுக்கு மட்டுமான எஃப்.எஸ்.ஏ. என்றால் பரவாயில்லை. ரெண்டு பேரும் வேலை பார்க்கும் வீடுகளில் இதைக் கவனிக்காமல் விட்டு, வரி தாக்கல் நேரத்தில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். டிசம்பருக்குள் பேசி முடிங்க.

வேம்பு:

மருந்துக்கடைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மேலே போட்ட கணக்கு சரியாக வர, ஃபார்முலரியில் மருந்தின் பெயரை மட்டும் தேடினால் போதாது. பெயர், வடிவம், அளவு, எத்தனை நாளுக்கு எத்தனை மாத்திரை, நான்கையும் உங்கள் டப்பா மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து அப்படியே போட வேண்டும்.

உங்கள் பட்டியலிலேயே நல்ல உதாரணம் மெட்ஃபார்மின் ஈ.ஆர். அந்தப் பெயரில் மூன்று விதமான மாத்திரைகள் உண்டு. ஒன்று குளூகோஃபேஜ் எக்ஸ்.ஆரின் ஜெனரிக், 500, 750 மில்லிகிராமில் வரும், மிக மலிவு. மற்ற இரண்டும் ஃபோர்டாமெட், குளுமெட்சா ஆகியவற்றின் ஜெனரிக். 500, 1000 மில்லிகிராமில் வரும். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான், மெதுவாக வெளிவிடும் அமைப்புதான் வேறு. விலையோ பல மடங்கு, நிறைய பிளான்கள் அவற்றைச் சேர்ப்பதே இல்லை. டாக்டர் கணினியில் சீட்டு எழுதும்போது வரிசையில் தவறான வரியைத் தொட்டுவிட்டால் சீட்டில் மெட்ஃபார்மின் ஈ.ஆர். என்பதற்குப் பக்கத்தில் ஓ.எஸ்.எம். என்றோ எம்.ஓ.டி. என்றோ ஒட்டிக்கொண்டு வரும். கவுண்ட்டரில் திடீரென்று நூற்றுக்கணக்கில் விலை சொன்னால் முதலில் இதைப் பாருங்கள். "தினம் 1000 ஒன்று" என்று எழுதினாலும் இதே சிக்கல்தான், ஏனென்றால் மலிவான வகையில் 1000 கிடையாது. "500 இரண்டு" என்று இருப்பதே நல்லது. உங்களுடையது அப்படித்தான் இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

பையனின் இன்ஹேலர் எது என்று நீங்கள் எழுதவில்லை. ஃப்ளோவென்ட் எச்.எஃப்.ஏ.-வை ஜி.எஸ்.கே. நிறுவனம் 2024 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. அதே மருந்து பிராண்டு பெயரில்லாமல் கிடைக்கிறது, ஆனால் பல பிளான்கள் அதைப் பட்டியலில் வைக்கவில்லை. மாற்றாக உங்கள் பிளான் எதைக் காட்டுகிறது என்று பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கியூவார் ரெடிஹேலர், குழந்தை இழுக்கும் மூச்சிலேயே மருந்தை விடும் கருவி, அதில் ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டி அதன் வழியாக இழுக்கும் குழாய்) மாட்ட முடியாது. ஆர்னுயிட்டி உலர்பொடி, அதற்கும் ஸ்பேசர் கிடையாது. வேகமாக, ஆழமாக இழுக்கத் தெரிய வேண்டும். ஆஸ்மனெக்ஸ் எச்.எஃப்.ஏ. ஸ்பேசரோடு வேலை செய்யும். மலிவாகக் கிடைக்கும் கருவியைப் பிள்ளையால் சரியாக இழுக்க முடியாவிட்டால் மருந்து நுரையீரலுக்குப் போகாது. டாக்டர் முன்னால் ஒரு தடவை இழுக்க வைத்துப் பார்த்த பிறகே மாற்றுங்கள். ஸ்பேசர் தேவை என்று டாக்டர் எழுதித் தந்தால் பிளானிடம் விதிவிலக்குக் கேட்க அதுவே வலுவான காரணம்.

லெவோதைராக்சின் ஜெனரிக் மாத்திரை டயர் 1. டிரோசின்ட் என்ற கேப்சூல் வடிவம் அப்படியல்ல. பிராண்டுதான் வேண்டும் என்று நீங்களாகக் கேட்டால் பல பிளான்களில் கோபேயோடு, பிராண்டுக்கும் ஜெனரிக்குக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும் உங்கள் தலையில் வைப்பார்கள். அந்த வித்தியாசம் பெரும்பாலும் வருட உச்சவரம்பில் சேராது. தைராய்டு மாத்திரையில் ஜெனரிக் நல்லதே. மாதத்துக்கு ஒரு கம்பெனி மாத்திரை என்று மாறாமல் ஒரே தயாரிப்பாளருடையதாகத் தரச் சொல்லிக் கடையில் கேட்டால் போதும். மாறினால் ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்ளுங்கள்.

90 நாள் விஷயத்தில் ஒரு பொறி. சில பிளான்களில் தினசரி மருந்தைக் கடையில் 30 நாளாக இரண்டு தடவைதான் வாங்கலாம். மூன்றாவது தடவை முழு விலை. தபாலுக்கோ குறிப்பிட்ட கடைக்கோ மாறச் சொல்வார்கள். "30 மாத்திரை, 2 ரீஃபில்" என்ற சீட்டை வைத்து 90 நாள் பிளான் விலை வாங்க முடியாமல் போகலாம். டாக்டரிடம் 90 நாளுக்கே எழுதி வாங்குங்கள். உங்கள் மெட்ஃபார்மினுக்கு அது 180 மாத்திரை.

இந்தியாவிலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே சர்க்கரைக்குச் சாதாரணமாக எழுதும் கிளிக்லசைடு, வில்டாகிளிப்டின், டெனலிகிளிப்டின் மூன்றுக்கும் இங்கே எஃப்.டி.ஏ. (மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி இல்லை. எந்த ஃபார்முலரியிலும் தேடிப் பயனில்லை. இங்கே அதே குடும்பத்தில் கிளிமெபிரைடு, கிளிப்பிசைடு, சிட்டாகிளிப்டின் உண்டு. அளவு ஒன்றுக்கொன்று பொருந்தாது, டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

பாலாறு:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எச்.ஆர். அந்தப் பட்டியலை அனுப்பினாங்க. ஜார்டியன்ஸ் இருக்கு, ஆனா பக்கத்துல பி.ஏ., எஸ்.டி. என்று ரெண்டு குறி போட்டிருக்கு. இன்ஹேலர் ஆஸ்மனெக்ஸ், அதுவும் இருக்கு. இன்னொண்ணு, ஜனவரி 1 முதல் மருந்தைக் கவனிக்கிற கம்பெனியே மாறுதாம். நான் ஜார்டியன்ஸ் ஆரம்பிச்சது இந்தியாவில். இப்போ புதுசா அனுமதி வாங்கணுமா? மறுத்துட்டா?

மணிமுத்தாறு:

பி.ஏ. என்றால் பிரையர் ஆத்தரைசேஷன், முன் அனுமதி. எஸ்.டி. என்றால் ஸ்டெப் தெரபி, மலிவான மருந்தை முதலில் சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் கியூ.எல். என்று இருந்தால் மாதத்துக்கு இத்தனை மாத்திரைதான் என்ற வரம்பு.

மருந்தைக் கவனிக்கும் கம்பெனியைப் பி.பி.எம். என்பார்கள். சி.வி.எஸ். கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்.எக்ஸ். மூன்றும்தான் இந்த நாட்டில் பெரும்பகுதியைக் கையாளுகின்றன. பி.பி.எம். மாறினால் பழைய அனுமதிகள் தானாக வரும் என்று நம்பி இருக்க வேண்டாம். எச்.ஆரிடம் இரண்டு கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள்: "நடப்பிலுள்ள அனுமதிகள் புதிய பி.பி.எம்.-க்கு மாற்றி ஏற்றப்படுமா?" "இடைக்காலத்தில் ஒரு மாத மருந்து அனுமதியில்லாமல் கிடைக்குமா?" பெரிய கம்பெனிகள் இரண்டையும் ஏற்பாடு செய்ய முடியும். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

ஸ்டெப் தெரபியில் உங்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பி.பி.எம்.-இன் கணினி தன்னிடம் உள்ள பழைய கிளெய்ம்களைப் பார்த்துத்தான் "இவர் மெட்ஃபார்மின் சாப்பிட்டிருக்கிறார்" என்று தெரிந்துகொள்ளும். இந்தியாவில் வாங்கியதும், ரொக்கம் கொடுத்தோ தள்ளுபடிக் கார்டிலோ வாங்கியதும் அதற்குத் தெரியாது. புதிய பி.பி.எம்.-க்கு உங்கள் சரித்திரமே வெற்றுத்தாள். எனவே டிசம்பரிலேயே டாக்டர் அலுவலகத்தில் சொல்லி உங்கள் கோப்பில் இவற்றை ஏற்றி வையுங்கள்: மெட்ஃபார்மின் எந்த மாதம் தொடங்கியது, எந்த அளவு, அப்போது எச்.பி.ஏ.1சி எவ்வளவு, ஜார்டியன்ஸ் எப்போது சேர்த்தது, அதன் பிறகு எவ்வளவு. இந்திய டாக்டரின் சீட்டு, லேப் அறிக்கை இருந்தால் நகல் கொடுங்கள். நோய்க் குறியீடு ஈ11-இல் தொடங்க வேண்டும், அதுதான் டைப் 2. சர்க்கரை வருவதற்கு முந்தைய நிலைக்கான ஆர்73.03 தவறுதலாகப் போயிருந்தால் அந்த ஒரு எழுத்துக்காகவே நிராகரிப்பார்கள். அனுமதி கிடைத்தாலும் பெரும்பாலும் 12 மாதம்தான். முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்து, மூன்று வாரம் முன்னால் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

கடையில் "இன்ஷூரன்ஸ் எடுக்கலை" என்று மட்டும் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். திரையில் வந்த நிராகரிப்பு எண்ணைக் கேளுங்கள். 70 என்றால் மருந்தே பட்டியலில் இல்லை. 75 முன் அனுமதி வேண்டும். 76 அளவு வரம்பைத் தாண்டியது. 79 ரீஃபிலுக்கு இன்னும் நாள் வரவில்லை. 65 என்றால் உங்களுக்குக் காப்பீடே நடப்பில் இல்லை என்று கணினி சொல்கிறது, ஜனவரியில் பெரும்பாலும் பழைய கார்டு. ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு. 75-க்கு டாக்டர் ஆபீஸ், 65-க்குப் புது கார்டு. இது தெரியாமல் கடைக்கும் டாக்டருக்கும் இன்ஷூரன்ஸுக்கும் அலைந்து மருந்தில்லாமல் நாட்கள் ஓடுவதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கடைத் திரையில் வருவது முறையான மறுப்பு இல்லை. டாக்டர் கோரிக்கை அனுப்பி, அவர்கள் கடிதத்தில் மறுப்பதுதான் மறுப்பு. முன்கூட்டிய கோரிக்கைக்கு 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும், அவசரம் என்று டாக்டர் சொன்னால் 72 மணி நேரத்தில். மறுத்தால் அப்பீலுக்கு உங்களுக்கு 180 நாள் உண்டு. அவர்கள் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இரண்டு கட்ட அப்பீல் உள்ள பிளானில் கட்டத்துக்கு 15 நாள். உள் அப்பீலும் தோற்றால், மருத்துவத் தேவை சம்பந்தப்பட்ட மறுப்பை நான்கு மாதத்துக்குள் வெளி ஆய்வுக்கு அனுப்பலாம். அங்கே முடிவு 45 நாளில், அவசரத்துக்கு 72 மணி நேரத்தில். அந்த முடிவு பிளானைக் கட்டுப்படுத்தும்.

அப்பீலுக்கு முன்னால் உங்கள் டாக்டர் பிளானின் டாக்டரோடு நேராகப் பேசும் வாய்ப்பைக் கேட்கச் சொல்லுங்கள். பல விவகாரம் அங்கேயே தீரலாம், சின்னத் தகவல் குறையால் வரும் மறுப்புகளும் உண்டு. அப்பீல் கடிதத்தில் "எனக்கு இது தேவை" என்று எழுதிப் பயனில்லை. அந்த மருந்துக்கான நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள், இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை. அதிலுள்ள ஒவ்வொரு நிபந்தனைக்கும் நேராகத் தேதியும் எண்ணும் வைத்துப் பதில் எழுதுங்கள். ஜார்டியன்ஸுக்குப் பதில் அதே வகை மருந்தான ஃபார்சிகாவை முன்னுரிமையாக வைத்திருந்தால், டாக்டர் சம்மதித்தால், மாறிக்கொள்வது சண்டையை விட எளிது.

நெய்தல்:

மணிமுத்தாறு சொன்னதோடு, நியூஜெர்சிக்காரர்கள் அடிக்கடி குழம்பும் ஒரு விஷயம். இந்த மாநிலத்தில் 2025 முதல் இன்சுலினுக்கு மாதம் 35, ஆஸ்துமா இன்ஹேலருக்கு 50 டாலர் என்று சட்டம் வரம்பு வைத்திருக்கு. ஆனால் அது மாநிலம் கட்டுப்படுத்தும் பிளான்களுக்குத்தான். பெரிய ஐ.டி. கம்பெனிகள் பலவும் தாங்களே பணம் போட்டு, நிர்வாகத்தை மட்டும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் விடுகின்றன. அப்படிப்பட்ட பிளான் 1974-இன் எரிசா என்ற ஃபெடரல் சட்டத்தின் கீழ் வரும், மாநில வரம்பு அதைத் தொடாது. கார்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. "நம்ம பிளான் செல்ஃப் ஃபண்டடா?" என்று எச்.ஆரிடம் ஒரு வரி கேளுங்க.

அதேபோல 2026 முதல் ஜார்டியன்ஸ் மாதம் 197 டாலர் என்று செய்தியில் வருவது, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர் பேசி முடித்த விலை. இன்சுலின் 35 டாலர் என்ற ஃபெடரல் வரம்பும் மெடிக்கேருக்கே. ஆபீஸ் பிளானுக்கு இரண்டும் பொருந்தாது.

மருந்துக் கம்பெனி தரும் கோபே கார்டைப் (உங்க பங்கை அவர்களே கட்டும் சலுகைக் கார்டு) பற்றி யாராவது கேட்பீங்க, இப்போதே சொல்லிடறேன். மருந்து தயாரிப்பாளர் தரும் கார்டை ஆபீஸ் பிளானோடு பயன்படுத்தலாம். ஆனால் பல பிளான்களில் "கோபே அக்யுமுலேட்டர்" என்ற ஏற்பாடு இருக்கு. கார்டு கட்டிய பணம் உங்க டிடக்டிபிளில் ஏறாது. மார்ச் மாதம் கார்டின் வருட வரம்பு தீர்ந்ததும் கவுண்ட்டரில் முழு விலை கேட்பார்கள், டிடக்டிபிளோ தொடங்கிய இடத்திலேயே நிற்கும். விலை உயர்ந்த ஸ்பெஷாலிட்டி மருந்து எடுப்பவர்களுக்கு இது பெரிய அடி. எச்.எஸ்.ஏ. பிளானில் இருப்பவர்களுக்கு ஐ.ஆர்.எஸ். நிலைப்பாடே அதுதான்: நீங்க உண்மையில் கையிலிருந்து கட்டியது மட்டுமே டிடக்டிபிள்.

மலிவு ஜெனரிக்கை இன்ஷூரன்ஸ் இல்லாமலே வாங்குவது சில சமயம் லாபம். காஸ்ட் பிளஸ் டிரக்ஸில் அடக்க விலையோடு 15 சதவீதம், 5 டாலர் மருந்தகக் கட்டணம், 5 டாலர் தபால் செலவு, அவ்வளவுதான். 90 நாளுக்கு வாங்கினால் அந்தப் பத்து டாலர் பரவிவிடும். ரொக்க விலை கோபேயை விடக் குறைவா என்று கடையில் தைரியமாகக் கேளுங்க. மருந்தாளர் அதைச் சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டும் ஒப்பந்தங்களை 2018-லேயே ஃபெடரல் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் அப்படி வாங்கியது டிடக்டிபிளில் தானாக ஏறாது. முன்னால் சொன்ன மாதிரி கிளெய்ம் சரித்திரத்திலும் வராது. உங்க மெட்ஃபார்மினை மட்டும் இன்ஷூரன்ஸ் வழியாகவே வாங்குங்க. மாதம் ஓரிரு டாலர் அதிகமானாலும் ஜார்டியன்ஸ் அனுமதிக்கு அந்தக் கிளெய்ம்தான் சாட்சி.

வேம்பு:

ஜனவரி முதல் வாரத்தைப் பற்றி மட்டும். புதுக் கார்டு வந்ததும் ஆர்.எக்ஸ். பின் (Rx BIN) என்ற ஆறு இலக்க எண், பி.சி.என்., குரூப் எண், உறுப்பினர் எண் நான்கையும் கடையில் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். டாக்டர் கார்டும் மருந்துக் கார்டும் தனித்தனியாக வரும் கம்பெனிகள் உண்டு. மருந்துக் கார்டைக் குப்பைத் தபால் என்று கிழித்துவிடாதீர்கள். ஜார்டியன்ஸை டிசம்பர் கடைசியில் ஒரு தடவை வாங்கி வைத்துக்கொண்டால் புதிய அனுமதி வரும் வரை மூச்சு விடலாம். கடைசி ரீஃபிலில் 75 முதல் 80 சதவீதம் தீர்ந்த பிறகுதான் பெரும்பாலான பிளான்கள் அடுத்ததை விடும், 30 நாள் மருந்துக்கு அது 23, 24-ஆம் நாள். அதற்கேற்ப இந்த மாதத் தேதியைத் திட்டமிடுங்கள்.

ஊருக்குப் போவதாக இருந்தால் "வெக்கேஷன் ஓவர்ரைடு" (பயணத்துக்காக மருந்தை முன்கூட்டியே தரும் அனுமதி) என்று பி.பி.எம்.-ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள், பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால். அங்கிருந்து மருந்து வாங்கி வருவதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அந்தச் செலவைப் பிளான் ஏற்காது. இந்தியாவில் இருக்கும்போது வாங்கி அங்கேயே சாப்பிட்ட மருந்து, இரு நாட்டிலும் சட்டப்படி செல்லுபடியாகும் மருந்தாக இருந்தால், எச்.எஸ்.ஏ. செலவாகக் காட்டலாம். பெட்டியில் போட்டுக்கொண்டு வந்ததைக் காட்ட முடியாது. பில்லைத் தேதியோடு வைத்திருங்கள்.